சோலர்: புலவகைகளின் வரலாறு

சோலர், லூசீன் என்ற நிரல்நூலகத்தின்மேல் கட்டப்பட்ட திறமூலத் தேடுபொறி. யோனிக் சீலி 2004இல் சிநெட் நிறுவனத்தின் தேவைக்காக இதை எழுதினார். 2006 ஜனவரியில் இது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது.

டக் கட்டிங் உருவாக்கிய லூசீனுக்கு ஆரம்பத்தில் எல்லாமே சொல்தான். விலையும் தேதியும்கூட எழுத்துகளாகவே பதிவாயின. எழுத்து வரிசையில் 100 முதலிலும் 20 அடுத்தும் 9 கடைசியிலும் நிற்கும். ஆகவே நிரலர்கள் 009, 020, 100 என்று சுழியம் சேர்த்து எழுதி ஒப்பேற்றினார்கள். அப்போது விலை வரம்பு கொடுத்துத் தேடினால், அதற்குள் அடங்கும் ஒவ்வொரு மதிப்பும் தனிச் சொல்லாக விரியும். அவை 1024ஐத் தாண்டினால் தேடல் பிழைகாட்டி நின்றுவிடும்.

ஆவணத்தின் எந்தப் புலம் (விலை, தேதி போன்ற தனிப் பகுதி) எண், எது தேதி, எது உரை என்பதைத் திட்டவரைவுக் கோப்பில் முன்கூட்டியே அறிவிக்க வைத்ததே சோலரின் பெரிய பங்களிப்பு. அதிலும் உரைப் புலத்தில்தான் உண்மையான நுட்பம் இருக்கிறது. வாக்கியத்தைச் சொற்களாகப் பிரிப்பது, பயனற்ற சொற்களை நீக்குவது, விகுதிகளைக் களைவது என்று வரிசையாக நடக்கும் இந்த வேலையைப் பதிவு செய்யும்போது ஒரு விதமாகவும் தேடும்போது வேறு விதமாகவும் அமைத்துக்கொள்ளலாம். 'மரத்தில்' என்று தேடுபவருக்கு 'மரம்' உள்ள ஆவணமும் கிடைக்க வேண்டுமானால் விகுதி களையும் படி இல்லாமல் முடியாது. இந்த வேலைகளைச் செய்ய லூசீனில் இன்று தமிழுக்கென்றே ஒரு பகுப்பாய்வி உண்டு.

எண் வரம்புத் தேடலின் சிக்கலை 2009இல் லூசீன் நிரலர் ஊவே ஷிண்ட்லரின் 'டிரை' முறை தீர்த்தது. ஒரே எண்ணைப் பல துல்லிய நிலைகளில் பதிவதே அதன் உத்தி. பத்தடிமானத்தில் சொன்னால், 4237 என்ற எண் 423, 42, 4 என்ற தொகுதிகளிலும் இடம்பெறும். 4000 முதல் 4999 வரை தேடுவோருக்கு '4' என்ற ஒரு தொகுதியே போதும். ஆயிரம் மதிப்புகளைத் துழாவ வேண்டியதில்லை. லூசீன் 6 (2016) கொண்டுவந்த 'பாயின்ட்' புலங்கள் மர அமைப்பில் இன்னும் சிக்கனமாக இயங்கின. சோலர் 7இல் 'டிரை' வழக்கொழியும் பட்டியலில் சேர்ந்தது. 2022இல் வந்த சோலர் 9, பொருள் நெருக்கத்தால் தேட உதவும் திசையன் புலத்தைச் சேர்த்தது.

புலவகையை மாற்றினால், ஏற்கெனவே பதிந்த ஆவணங்கள் தாமாக மாறுவதில்லை. அனைத்தையும் மறுபடி பதிய வேண்டும்.