மாரி முதல் இளவேனில் வரை

பெண் மகவுக்குப் பருவத்தின் பெயரை இடுவது மேலைநாட்டு மோகம் என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. சம்மர், ஆட்டம் என்று அமெரிக்கர் தம் மகளிரை அழைப்பதைக் கண்டு தொற்றிய ஆசை என்பது அவர்கள் வாதம். சிலப்பதிகாரம் பயின்றோர் இதை ஏற்பது கடினம். மாதவியின் மடலைச் சுமந்து கோவலனிடம் சென்று, அவன் ஏற்க மறுக்க வாடித் திரும்புகிறாளே, அத்தோழியின் பெயர் வசந்தமாலை. அது நிகழும் காதையின் பெயரும் வேனிற்காதை. மணிமேகலையிலும் அவள் வருகிறாள்.

சங்கப் புலவர் நிரலில் இன்னும் பழைய சான்று கிடைக்கிறது. புறநானூற்றின் 251, 252ஆம் பாடல்களைப் பாடியவர் மாரிப்பித்தியார். பெண்பாற் புலவர் என்பர். மாரிக்காலத்துப் பித்திக மலரே பெயராயிற்று என்பது ஒரு விளக்கம். மாற்பித்தியார் என்ற பாடமும் இருப்பதால் இதன்மேல் பெருங்கோட்டை கட்ட நான் விரும்பவில்லை. ஆயினும் ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை.

தமிழ்ப் பெரும்பொழுது ஆறு. ஆவணியில் கார் தொடங்கும். ஆடியில் முதுவேனில் முடியும். ஆறிலும் பெண்பெயராக நிலைத்தது இளவேனில் ஒன்றே. குறிஞ்சிக்கு உரியவை கூதிரும் முன்பனியும். பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு அப்பால் ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவிலுள்ள மன்னவனூரில் மார்கழி, தை விடியலில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். இலக்கணம் சொன்ன முன்பனி அங்கே கண்ணெதிரே நிற்கிறது. பயிரைக் கருக்கும் பனியின் பெயரை உழவன் மகளுக்கு ஏன் இடப்போகிறான்? கூதிர் இன்றைய செவிக்கு ஏன் ஒவ்வாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கோடையோ மலைக்குப் பெயராயிற்று. புறநானூறு 205ஆம் பாடல் கடிய நெடுவேட்டுவனைக் கோடை மலைத் தலைவனாகக் காட்டுகிறது. அம்மலையைக் கொடைக்கானல் பகுதியோடு பொருத்துவர். மலைப் பெண்ணுக்கு வாய்த்தது மலரின் பெயர்: குறிஞ்சி. 2006இலும் 2018இலும் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டாண்டுப் பருவம் ஒன்றைத் தாங்கிய பெயர் வேறெந்த மொழியில் உண்டோ!

ஜப்பானியர் இவ்வகையில் தாராளமானவர்கள். வசந்தத்துக்கு ஹருகோ, வேனிலுக்கு நட்சுகோ, இலையுதிர் காலத்துக்கு அகிகோ, குளிருக்கு ஃபுயுகோ என நான்கையும் பெண்ணுக்குச் சூட்டுவர்.

நம் இருபதாம் நூற்றாண்டு வசந்தத்தின் நூற்றாண்டு. காமாட்சி என்ற சிறுமி என்.சி.வசந்தகோகிலமாகப் புகழ்பெற்றார். எம்.எல்.வசந்தகுமாரி பிறந்தது 1928 ஜூலை 3. ஆனி மாதம், அதாவது முதுவேனில்! 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் அலையில் வசந்தா இளவேனில் ஆனாள். அப்பெயர் ஆணுக்கும் பொருந்தியது: 'கார்க்கி' இதழாசிரியர் இளவேனிலை வாசகர் அறிவர். 2019இல் ரியோ உலகக் கோப்பைத் துப்பாக்கி சுடும் போட்டியில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்ததும் ஆகஸ்டு 2இல், அதுவும் முதுவேனிலே. பிறந்த பருவத்தை எவரும் பெயராக இடவில்லை, விரும்பிய பருவத்தையே இட்டனர்.

பட்டியலில் நாம் சேர்க்க மறந்த ஒரு பெயர் உண்டு. மாரி. மாரியம்மன் பெயரின் வேரை நோயோடு இணைப்போரும் உளர், மழையோடு இணைப்போரும் உளர். வழக்கில் மாரி மழைதான், மழைக்காலந்தான். தமிழகச் சிற்றூர்களில் மாரியம்மாள், மாரிச்செல்வி என எத்தனை எத்தனை பேர்! வசந்தியை நாகரிகம் என்றும் மாரியைப் பட்டிக்காடு என்றும் பிரித்தது மொழியன்று; சாதியும் வகுப்புமே என்பது என் துணிபு. வருகைப் பதிவேட்டில் "மாரியம்மாள்" என்று படிக்கும்போது தலைகுனிந்து எழும் மாணவியரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களில் ஒருத்தி பட்டம் பெற்றபின் அரசிதழில் பெயரை மாற்றிக்கொண்டு வர்ஷினி ஆனாள். வர்ஷம் என்பதும் மழைதான் என்று சொன்னேன். "தெரியும் ஐயா, ஆனால் நேர்முகத் தேர்வில் யாரும் சிரிக்கமாட்டார்கள்" என்றாள்.