மின்கிற்றாரும் முரலொலியும்

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கலைஞரையும் அவர்தம் இசையையுமே நோக்குவர். கருவியினுள்ளே ஓடும் கம்பியையும் அக்கம்பியிற் புகுந்த இரைச்சலையும் நோக்குவோர் சிலரே. மின்கிற்றாரைப் பொறுத்தவரை இது பெருங்குறையாகும். அக்கருவியில் நிகழ்ந்த பெருமாற்றங்கள் பலவற்றின் பின்னால் நின்றது ஓர் இடையூறு. ஆடலோட்டம் பாயும் கம்பிகளும் நிலைமாற்றிகளும் தம்மைச் சூழப் பரப்பும் காந்தப்புலம், கிற்றாரின் சுருளிற் புகுந்து எழுப்பும் தாழ்ந்த முரலொலியே அவ்விடையூறு. அமெரிக்காவில் அதன் மீடிறன் செக்கனுக்கு 60. பிரித்தானியாவிலும் இலங்கையிலும் 50. அதனை ஒழிக்க முயன்றோரின் கதையே பெரும்பாலும் மின்கிற்றாரின் கதை எனின் மிகையாகாது.

1920களில் அமெரிக்க நடன இசைக்குழுக்கள் பருத்தன. பித்தளைக் குழல்களுக்கு நடுவே கிற்றாரின் ஒலி எடுபடவில்லை. ஒலிவாங்கியை அருகில் வைத்தாற் குழுவினர் அனைவரது ஒலியும் அதனுட் புகுந்தது. ஹவாய் முறையிற் கிற்றார் வாசித்த ஜோர்ஜ் பீச்சம் என்பார் இதற்கு வேறொரு வழி கண்டார். காற்றின் அதிர்வை விடுத்துத் தந்தியின் அதிர்வையே நேராக மின்னாக்குவது அவர் கருத்து. 1931ஆம் ஆண்டளவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் உருவாக்கிய உறுப்பில், இரண்டு குதிரைலாடக் காந்தங்கள் தந்திகளைச் சூழ்ந்து நின்றன. தந்திகளின் கீழே மெல்லிய செப்புக்கம்பியாலான சுருள் இருந்தது. உருக்குத் தந்தி அதிரும்போது சுருளினூடான காந்தப்பாயம் மாறுகிறது. மாறும் பாயம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் பரடே 1831இற் கண்ட தத்துவம் சரியாக ஒரு நூற்றாண்டின் பின் இசைக்குப் பயன்பட்டது. இவ்வுறுப்பே இன்று 'பிக்கப்' என வழங்குகின்றது. நரம்பாலான தந்திகளை இது அறியாது. ஆகவே மின்கிற்றார் தோன்றிய நாள்முதல் உருக்குத் தந்திக் கருவியாகவே இருந்து வருகின்றது.

அடொல்ஃப் றிக்கன்பாக்கருடன் கூடி 1932இற் சந்தைக்கு விடப்பட்ட அக்கருவி அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. அதன் வட்டவுடலையும் நீண்ட கழுத்தையும் கண்டோர் 'பொரிக்கும் சட்டி' எனப் பெயரிட்டனர். 1934 யூன் மாதத்தில் விண்ணப்பிக்கப்பட்ட ஆக்கவுரிமை 1937 ஓகத்து 10ஆம் நாளன்றே வழங்கப்பட்டது. அதற்குள் வேறு கொம்பனிகள் பலவும் மின்கிற்றார்களை விற்கத் தொடங்கிவிட்டன. முதலிற் கண்டவர் பயனடைய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட சட்டம், அவரைக் காத்திருக்க வைத்தே அப்பயனைப் பிறர்க்கு ஈந்தது. பீச்சம் 1941இற் காலமானார்.

கிப்சன் கொம்பனி 1936இல் வெளியிட்ட மின்கிற்றாரைக் கொண்டு சார்ளி கிறிஸ்ரியன் என்ற கறுப்பின இளைஞர், கிற்றார் தாளத்துக்கு மட்டுமன்றித் தனியிசைக்கும் உரியது என்பதை நிலைநாட்டினார். 1939இற் பெனி குட்மனின் குழுவிற் சேர்ந்த அவர் 1942இல், தம் இருபத்தைந்தாம் வயதில், காசநோயால் மறைந்தார். இடைப்பட்ட காலம் மூன்றாண்டுகூட இல்லை.

அடுத்த பெருமாற்றம் இசைஞர் ஒருவரிடமிருந்து வரவில்லை. கலிபோர்னியாவின் புலேட்டன் நகரில் 1938இல் வானொலி திருத்தும் கடை திறந்த லியோ ஃபென்டருக்குக் கிற்றார் வாசிக்கவே தெரியாது. ஒருவேளை அதுவே நன்மையாயிற்று எனலாம். பழைய மரபின் மீதான பற்றெதுவும் அவருக்கு இருக்கவில்லை. உள்ளீடற்ற உடலை விடுத்துத் திண்ணிய மரப்பலகையிற் கருவி செய்தார். கழுத்தைத் திருகாணிகளாற் பூட்டினார். பழுதுற்றாற் கழற்றி மாற்றலாம் என்பது வானொலி திருத்துவோனின் சிந்தனை. 1950இல் வெளிவந்த அவ்வடிவம் 1951இல் 'ரெலிகாஸ்ரர்' என்ற பெயரைப் பெற்றது. மூன்று பிக்கப்புகள் கொண்ட 'ஸ்ராற்றோகாஸ்ரர்' 1954இல் வந்தது. அதன் பிக்கப்பில் ஆறு காந்தத் தண்டுகளைச் சுற்றி, தலைமயிரை ஒத்த மெல்லிய கம்பி ஏறத்தாழ 8,000 சுற்றுக்கள் சுற்றப்பட்டிருக்கும். இவற்றைச் சுற்றியோர் தொழிற்சாலைப் பெண்கள். 1956இற் பணியிற் சேர்ந்த அபிகேல் இபாரா என்பவர் 2013 வரை இத்தொழிலில் இருந்தார். இயந்திரம் சுழலக் கம்பியைக் கையால் வழிநடத்தும் முறையில் ஒரு சுருள் மற்றொன்றைப் போல் அமைவதில்லை. இறுக்கமும் சுற்றெண்ணும் வேறுபட ஒலியும் வேறுபடும். பிற்காலத்தில் அச்சுருள்களின் 'தனிக்குரலை' வியந்தோர், அக்குரலை அமைத்த கைகளை நெடுங்காலம் அறியாதிருந்தனர்.

கம்பிகளை இணைக்கும் முறையும் ஒலியின் ஒரு பகுதியே. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாறுந்தடை ஃபென்டர் கருவிகளில் 250 கிலோஓம். இரட்டைச் சுருளுடைய கிப்சன் கருவிகளிற் பெரும்பாலும் 500 கிலோஓம். தடை குறையின் உயர்ந்த மீடிறன்கள் மங்கும். கூர்மையான ஒற்றைச் சுருளுக்கு அது பொருந்தும், மென்மையான இரட்டைச் சுருளுக்கு மிகையாகும். ஒன்றன் தடையை மற்றொன்றில் இட்டுவிட்டு பிக்கப்பைக் குறைகூறுவோர் இன்றும் உளர். இரு பிக்கப்புகளைச் சமாந்தரமாக இணைத்தால் ஒலி தெளியும். தொடராக இணைத்தால் தடிக்கும். அவை எதிர் அவத்தையில் இணைந்தால் ஒலி மெலிந்து மூக்கொலி போலாகும். ஸ்ராற்றோகாஸ்ரரின் ஆளி முதலில் மூன்று நிலைகளே உடையது. இரு நிலைகளுக்கிடையே ஆளியை நிறுத்தினால் இரண்டு பிக்கப்புகள் ஒருங்கே ஒலிக்கும் என்பதை வாசிப்போரே கண்டுகொண்டனர். தீக்குச்சி செருகியும் ஆளியின் வில்லைத் தளர்த்தியும் அதனை நிறுத்தி வைத்தனர். கொம்பனி ஐந்து நிலை ஆளியைப் பொருத்தியது 1977இலேயே. வாசிப்போர் கேட்டதைச் செய்ய இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

இவ்வொற்றைச் சுருள்கள் யாவும் முரன்றன. கிப்சன் கொம்பனியின் பொறியியலாளர் சேத் லவர் கடற்படையில் வானொலி பயின்றவர். 'அம்பிளிபயர்' எனப்படும் விரியலாக்கியொன்றின் மின்வழங்கலில் முரலொலியைக் குறைக்கத் தாம் கையாண்ட முறையைப் பிக்கப்பிலும் கையாளலாமா என அவர் சிந்தித்தார். விடை எளிமையானது. இரு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றை மற்றதற்கு எதிராக இணைத்தால், வெளியிலிருந்து வரும் புலம் இரண்டிலும் எதிரெதிரான அழுத்தங்களைத் தூண்டும். அவை ஒன்றையொன்று அழிக்கும். ஆனால் தந்தியின் ஒலியும் அவ்வாறே அழிந்துவிடுமே? இதற்காக ஒரு சுருளின் கீழ் காந்தத்தின் வடமுனைவையும் மற்றதன் கீழ் தென்முனைவையும் அமைத்தார். சுருளும் மாறி முனைவும் மாறியதால் தந்தியின் ஒலி மட்டும் கூடிற்று. இரு மறைகளின் பெருக்கம் நேராதல் போன்றது இது. 1955 யூனில் விண்ணப்பிக்கப்பட்டு 1959 யூலையில் ஆக்கவுரிமை கிடைத்தது. இதே காலத்தில் றே பட்ஸ் என்பாரும் தனித்து இதனைச் செய்து கிறெற்ஸ் கொம்பனிக்கு அளித்தார். எதிர்ச் சுருள்களால் முரலொலியை நீக்கும் கருத்து 1930களிலேயே வேறு துறைகளில் இருந்தமையால், 'கண்டுபிடித்தவர் யார்' என்ற வாதத்திற் பெரும்பயன் இல்லை.

1957 முதல் அப்பிக்கப்புகளின் அடியில் 'ஆக்கவுரிமை விண்ணப்பிக்கப்பட்டது' என்ற சிறு சீட்டு ஒட்டப்பட்டது. உரிமை கிடைத்த பின்னரும் சில காலம் அச்சீட்டே தொடர்ந்தது. பின்னர் இலக்கம் பொறித்த சீட்டு வந்தபோதோ, அதிலிருந்தது பிக்கப்பின் இலக்கமன்று. லெஸ் போல் பெற்ற தந்திதாங்கி ஒன்றின் இலக்கம். போட்டியாளரை வழிதவறச் செய்யும் தந்திரம் என்பாரும் தவறு என்பாரும் உளர். இப்பிக்கப்புகள் பூண்ட 'லெஸ் போல்' கிற்றார்கள் 1958 தொடக்கம் 1960 வரை போதியளவு விற்கவில்லை, அவ்வடிவம் கைவிடப்பட்டது. 1966இல் இங்கிலாந்தில் எரிக் கிளப்ரன் அத்தகைய பழைய கிற்றாரொன்றை மார்ஷல் விரியலாக்கியுடன் இணைத்து ஜோன் மேயோலின் குழுவுக்காக ஒலிப்பதிவு செய்த பின்னரே உலகம் அதனைத் தேடத் தொடங்கிற்று. 1968இற் கிப்சன் அவ்வடிவத்தை மீண்டும் ஆக்கிற்று.

அந்த மார்ஷல் விரியலாக்கியும் ஒரு வழித்தோன்றலே. அமெரிக்க ஃபென்டர் 'பாஸ்மன்' இங்கிலாந்தில் விலை மிக்கதாயிருந்தமையால், இலண்டனின் ஹன்வெல் பகுதியிற் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய உதவியாளரும் 1962இல் அதன் சுற்றைத் தழுவி உள்ளூர் உறுப்புகளாற் புதியதொன்றை அமைத்தனர். இரட்டைச் சுருளின் வலிய சமிக்ஞை வால்வுகளை அவற்றின் எல்லைக்கு அப்பால் தள்ளியது. அலையின் முடிகள் வெட்டுண்டன. புதிய இசையங்கள் பிறந்தன. முரலொலி என்னும் ஒரு குறையை நீக்கச் செய்த கருவி, திரிபு என்னும் மற்றொரு குறையை வளர்த்து, அதனையே அழகாக்கிற்று.

எனினும் முரலொலியை ஒடுக்க மேற்கொண்ட வழிகளுள் ஒன்று உயிருடன் விளையாடியது. வாசிப்போனின் உடல் தானே ஓர் அலைவாங்கியாகி இரைச்சலைச் சேர்க்கும். இதனைத் தடுக்கத் தந்திகள் பாலத்தின் வழியாகக் கிற்றாரின் புவிக்கம்பியுடனும், அதன்வழி விரியலாக்கியின் உலோகச் சட்டத்துடனும் இணைக்கப்பட்டன. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குவது இதனாலேயே. ஆனால் சட்டத்தில் மின் ஏறினால் அது தந்திக்கும், தந்தியிலிருந்து கைக்கும் வரும். அக்கால அமெரிக்க விரியலாக்கிகளுக்கு இருமுனைச் செருகியே இருந்தது; புவித்தொடுப்பு இல்லை. மின்வழங்கலின் ஒரு கம்பிக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கொள்ளளவி மட்டும் நின்றது. அது பழுதுற்றுக் குறுஞ்சுற்றானால், செருகி பொருந்திய பக்கத்தைப் பொறுத்துச் சட்டம் முழு அழுத்தத்தையும் ஏற்கும். திருத்துவோர் அதற்கு 'மரணக் கொள்ளளவி' எனப் பெயரிட்டமை காரணமின்றியன்று. நிலைமாற்றி இன்றி மின்வழங்கலுடன் நேரே இணைந்த மலிவான விரியலாக்கிகள் இதனினும் கொடியன. அவற்றை வாங்கியோர் பெரும்பாலும் பணமற்ற மாணவர்; ஆபத்து மிக்கது அறிவு குறைந்தவர் கையிற் சேர்ந்தது.

1972 மே 3ஆம் நாள் சுவான்சி நகர அரங்கொன்றில் 'ஸ்ரோன் த குறோஸ்' குழுவின் கிற்றார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சரியாகப் புவித்தொடுக்கப்படாத ஒலிவாங்கியைத் தொட்டு இறந்தார். அவருக்கு வயது 27. 1976 மே மாதத்தில் 'யார்ட்பேட்ஸ்' குழுவின் முன்னாட் பாடகர் கீத் றெல்ஃப் தம் வீட்டிற் கிற்றார் வாசிக்கையில் மின் தாக்கி மாண்டார். இரு விரியலாக்கிகளைப் புவித்தொடுக்கும்போது உண்டாகும் தடத்தாலும் முரலொலி எழும். அதனை நீக்கச் செருகியின் புவிமுனையை வெட்டிவிடும் வழக்கம் மேடைகளிற் பரவியிருந்தது. வெட்ட வேண்டியது அதுவன்று. சமிக்ஞைப் பாதையில் ஒரு தனிமைப்படுத்து நிலைமாற்றியை இடின் அதே பயன் கிட்டும், உயிரும் எஞ்சும். பழைய வால்வு விரியலாக்கியைத் திறப்போர் அறிய வேண்டியது இன்னுமொன்று: செருகியைக் கழற்றிய பின்னரும் அதன் கொள்ளளவிகளில் 400 உவோற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் தேங்கி நிற்கலாம்.

1976 திசெம்பரில் புளோரிடாவின் லேக்லண்ட் நகரில், 'கிஸ்' குழுவின் ஏஸ் ஃபிறேலி மேடைப் படிக்கட்டின் புவித்தொடுக்கப்படாத உலோகப் பிடியைத் தொட்டுத் தூக்கியெறியப்பட்டார். பின்னர் எழுந்து வந்து நிகழ்ச்சியை முடித்தார். அதன் பின்னர் அக்குழு கென் சாஃபர் என்ற பொறியியலாளர் அமைத்த வானலைக் கருவியைக் கையாண்டது. கிற்றாருக்கும் விரியலாக்கிக்கும் இடையே அதில் செப்புக்கம்பி இல்லை. ஒற்றைச் சுருளின் முரலொலி மட்டும் அவ்வலையின் வழியாகவும் தவறாது வந்து சேர்ந்தது.