மேடை விளக்கும் பிறரன்பும்

திண்டுக்கல் வட்டார ஊர்களில் பாஸ்கு மேடை எழும்போது, அதற்கு விளக்குக் கட்டும் கைகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணெய் விளக்கும் பெட்ரோமாக்சும் போய் மின்னொளி வந்தது. ஆபத்து மட்டும் உருமாறி நின்றது.

1903 டிசம்பர் 30. சிகாகோ நகரின் இரோக்குவா அரங்கில் விடுமுறைக் காலப் பகற்காட்சி. பெண்களும் சிறாருமே மிகுதி. மேடையோரத்து வில்விளக்கின் பொறி மெல்லிய திரையொன்றைத் தொட்டது. தீயைத் தடுக்க இறக்கப்பட்ட கல்நார்த் திரை பாதியில் சிக்கியது. கதவுகள் பல பூட்டிக் கிடந்தன. 602 பேர் மாண்டனர். திறந்து ஐந்தே வாரங்களான அவ்வரங்கம், தீப்பற்றாதது என விளம்பரம் பெற்றிருந்தது.

இது நமக்குத் தொலைவுக் கதையன்று. 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்துத் திருமண மண்டபமொன்றில் வீடியோ விளக்கின் மின்கம்பியிலிருந்து ஓலைப் பந்தலில் தீப்பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இரண்டிலும் விளக்கருகே எளிதில் பற்றும் பொருள் இருந்தது. வெளியேறும் வழி போதவில்லை.

ஆண்டவரின் பாடுகளைக் கண்டு கண்ணீர் சிந்தும் நாம், விளக்கைத் திரையினின்று விலக்கிக் கட்டுவதையும், வாயிலைத் திறந்து வைப்பதையும் பிறரன்புக் கடமையாகவே கொள்வோமாக.