மூன்றாம் மெத்தை: உரோமாபுரியின் அடுக்குமனைகளும் ஆதிச் சபையாரும்

உரோமாபுரி என்றவுடன் நம் மாணவர் மனத்தில் எழுவன கொலோசியமும், பாந்தியனும், தீத்துவின் வெற்றி வளைவுமே. இவை காணத்தக்கவைதாம், ஆயினும் இவை குடியிருப்பதற்கென்று எழுப்பப்பட்டவை அல்ல. கி.பி. முதலிரண்டு நூற்றாண்டுகளில் அம்மாநகர மக்களுள் பெரும்பாலார் உண்டதும், உறங்கியதும், பிள்ளை பெற்றதும், மரித்ததும் 'இன்சுலா' எனப்பட்ட பல அடுக்குக் குடியிருப்புகளிலேயாகும். இலத்தீனில் அச்சொல்லுக்குத் தீவு என்பது பொருள். நான்காம் நூற்றாண்டின் நகர்ப் பட்டியல்கள் 46,602 இன்சுலாக்களையும், 1,800-க்குச் சற்றுக் குறைந்த தனி மாளிகைகளையும் கணக்கிடுகின்றன. அங்கே இன்சுலா என்பது முழுக் கட்டடத்தைக் குறிக்கிறதா, அதில் ஒரு பகுதியையா என்பதில் அறிஞர் ஒன்றுபடவில்லை. எவ்வாறாயினும் மாளிகைவாசிகள் மிகச் சிலரே என்பது தெளிவு.

இது கட்டடக் கலைஞர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. 'வீட்டுச் சபை' என்னும் சொல்லை விளக்கும்போது பொம்பெயி நகரத்துச் செல்வர் மனையொன்றின் படத்தைக் காட்டுவது வகுப்புகளில் நெடுநாள் வழக்கம். முற்றம், நீர்த்தொட்டி, தூண்வரிசை, விருந்தறை ஆகியவை அதில் காணப்படும். படம் அவ்வாறிருப்பின், அதில் கூடிய சபையும் ஒரு செல்வப் புரவலரின் நிழலில் வாழ்ந்த சபையாகவே நம் கண்முன் நிற்கும். பீட்டர் லாம்பே 1987-இல் வெளியிட்ட ஆய்வில், உரோமைக் கிறிஸ்தவர்கள் தைபர் ஆற்றுக்கு அப்பாலும் அப்பியா சாலையோரத்திலும் இருந்த நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் பெரிதும் வாழ்ந்தனர் எனக் காட்டினார். இராபர்ட் ஜூவெட் 1993-இல் 'அடுக்குமனைச் சபை' என்ற கருத்தையே முன்வைத்தார். எல்லாச் சபைகளும் அத்தகையவை என்று சொல்ல நான் துணியேன். ஆயினும் படம் மாறவேண்டும் என்பதில் ஐயமில்லை.

அடுக்குமனையைக் கண்ணாற் காண விரும்புவோர் தைபரின் முகத்துவாரத்திலிருந்த ஒஸ்தியா துறைமுகத்தின் இடிபாடுகளுக்குச் செல்லவேண்டும். அங்கே 'தியானாள் இல்லம்' எனப்படும் இரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றுண்டு. அதன் முற்றத்தில் கிடைத்த தியானாள் உருவத்தால் அப்பெயர் வந்தது. காரைக் கலவையில் எழுப்பிச் செங்கல் முகப்பு அமைத்த சுவர்கள். தெருவை நோக்கிக் கடைகள். கடைகளின் மேல் நீண்டு செல்லும் உப்பரிகை. நடுமுற்றத்தில் அனைவர்க்கும் பொதுவான நீர்த்தொட்டி. கீழ்த்தளத்தில் பொதுக் கழிப்பிடம். பளிங்கோ சிற்பமோ முகப்பில் இல்லை. ஆனால் சாளரங்களின் ஒழுங்கும், செங்கல் வளைவுகளின் அளவும் கண்ணுக்கு நிறைவளிக்கின்றன. பெரிய கோயில்களைவிட இச்சுவரே எனக்கு உயர்ந்த கலையாகத் தோன்றுகிறது. அதே தெருவில் உணவுக்கடை ஒன்றின் பளிங்கு மேடையும், விற்ற பண்டங்களை வரைந்த சுவரோவியமும் இன்றும் உள்ளன. மேல் அடுக்குகளில் வசித்தோர்க்குப் பெரும்பாலும் அடுப்படி இல்லை; கணப்புச்சட்டியே துணை. ஆகவே சூடான உணவுக்குத் தெருவில் இறங்கவேண்டும். இவ்வில்லத்தின் பின்பகுதி அறைகளைப் பிற்காலத்தில் மித்திரா வழிபாட்டினர் தம் ஆலயமாக்கிக்கொண்டனர் என்பது நாம் குறித்துக்கொள்ளத்தக்கது. அடுக்குமனையின் சில அறைகள் வழிபாட்டிடமாவது அந்நாளில் இயலக்கூடியதே.

ஆயினும் ஒஸ்தியாவின் அழகு நம்மை ஏமாற்றக்கூடாது. பவுலின் காலத்து உரோமாபுரியின் அடுக்குமனைகளில் பல மரமும் மண்கல்லும் கொண்டவை. கி.மு. 44-இல் சிசரோ தம் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில், தமக்குச் சொந்தமான கடைகள் இரண்டு இடிந்து விழுந்ததையும், மற்றவை விரிசல் கண்டதால் குடியிருந்தோர் மட்டுமன்றி எலிகளும் வெளியேறிவிட்டதையும் வேடிக்கையாகக் கூறுகிறார். குடக்கூலி வாங்குபவர்க்கு அது வேடிக்கை! அகஸ்து இராயன் கட்டடங்களின் உயரத்தை 70 அடிக்கும், பின்னர் திராயான் 60 அடிக்கும் வரையறுக்க நேர்ந்ததே எத்தனை உயரமாகக் கட்டினர் என்பதற்குச் சான்று. மேலே செல்லச் செல்ல வாடகை குறையும். வறியவன் உச்சியில் வசிப்பான். மின்தூக்கி வந்தபின் நம் நாளில் இம்முறை தலைகீழாயிற்று.

கி.பி. 64-இல் நெருப்புப் பற்றியபோது நகரின் 14 வட்டாரங்களில் நான்கு மட்டுமே தப்பின, மூன்று தரைமட்டமாயின. டாசிட்டஸ் எழுதிய ஆண்டுவரலாற்றின் பதினைந்தாம் நூலில் 44-ஆம் அதிகாரத்தை நாம் யாவரும் அறிவோம். நீரோ கிறிஸ்தவர்கள்மீது பழிசுமத்தி வதைத்த செய்தி அங்குள்ளது. அதற்கு முந்திய 43-ஆம் அதிகாரத்தையோ பெரும்பாலும் புரட்டிச் சென்றுவிடுகிறோம். தெருக்களை அகலமாக்கவும், உயரத்தைக் குறைக்கவும், வீட்டுக்கு வீடு தனிச்சுவர் எழுப்பவும், கீழ்ப்பகுதியை மரமின்றிக் கல்லால் கட்டவும், முகப்பில் நிழல் நடைபாதை அமைக்கவும் நீரோ இட்ட விதிகள் அதில் உள்ளன. பழைய குறுகிய தெருக்களில் வெயில் நுழையாததால் அவையே உடலுக்கு நல்லவை என்று முணுமுணுத்தோரும் இருந்தனராம். எந்தப் புதுத்தெருவுக்கும் இத்தகைய முணுமுணுப்பு உண்டு போலும். நற்கட்டட விதியும் இரத்தப்பழியும் ஒரே அரசனிடமிருந்து, ஒரே சாம்பலிலிருந்து வந்தன. ஒஸ்தியாவில் நாம் வியக்கும் செங்கல் முகப்புகள் அவ்விதிகளின் வழித்தோன்றல்கள்.

இவ்வறிவோடு அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தைத் திறந்தால், உரோமாபுரிக்குத் தொலைவிலுள்ள துரோவாவிலும் அதே வாழ்வின் சாயல் தெரிகிறது. ஐத்திகு விழுந்தது 'மூன்றாம் மெத்தை'யிலிருந்து. நம் பழைய மொழிபெயர்ப்பில் மெத்தை என்பது மேல்மாடி. இன்றைய இளைஞர் சிலர் படுக்கையிலிருந்து விழுந்தான் என்றே எண்ணிக்கொள்கின்றனர். கவிஞர் மார்சியாலும் உரோமாபுரியில் மூன்று படிக்கட்டு ஏறியே தம் அறையை அடைந்தார். நெருக்கமான அறை, அநேக விளக்குகளின் புகை, பகலெல்லாம் உழைத்துவந்த கூட்டம். காற்று வேண்டுவோர்க்குச் சாளரத்தைவிட வேறு இடம் இருந்திராது. உறங்கினான் என்பதற்காக அவ்வாலிபனைக் கடிந்து எத்தனை பிரசங்கங்கள் செய்துவிட்டோம்!

உரோமாபுரியில் கப்பித்தோல் குன்றின் அடிவாரத்தில், ஆராசேலி ஆலயத்துப் படிக்கட்டின் அருகே, இரண்டாம் நூற்றாண்டு அடுக்குமனை ஒன்று எஞ்சி நிற்கிறது. நகரத்தின் தரை உயர்ந்துவிட்டபடியால் அதன் கடைத்தளம் இன்று பள்ளத்தில் கிடக்கிறது. மேற்பகுதியில், இடைக்காலத்தார் அவ்வீட்டின் சுவர்களுக்குள்ளேயே அமைத்த சிற்றாலயம் ஒன்றின் மணிக்கூண்டும், மங்கிப்போன சுவரோவியமும் காணப்படுகின்றன. ஆராசேலிக்குப் படியேறுவோருள் திரும்பிப் பார்ப்பவர் சிலரே.