நீதிமன்றத்தில் விசுவாசம்: பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலச் சான்றுவாதம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சமய நம்பிக்கை உள்ளத்தின் பாற்பட்டது, அது ஆராய்ச்சிக்கு உட்படாதது என்று கூறி விவாதத்தை முடித்துக்கொள்வது இன்று பலருக்கும் வழக்கமாகிவிட்டது. நம்புவோர்க்கும் இது வசதி, நம்பாதோர்க்கும் வசதி. ஆயின் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் திருச்சபை அறிஞர் பலர் இவ்வசதியை ஏற்க மறுத்தனர். தமது சமயத்தின் மையமான நிகழ்ச்சி ஒரு குறித்த நாட்டில், பொந்தியு பிலாத்து ஆளுநனாயிருந்த ஒரு குறித்த காலத்தில், கண்டவர்கள் சான்று பகர நிகழ்ந்தது என்றும், ஆதலின் ஏனைய வரலாற்று நிகழ்ச்சிகளைப் போலவே அதனையும் சான்றுகொண்டு ஆராயலாம் என்றும் அவர்கள் வாதித்தனர். ஐயவாதியை நோக்கி “வாயை மூடு” என்னாது “வழக்கைக் கேள்” என்று கூறிய அம்மரபு எவ்வாறு தோன்றியது, எதனைச் சாதித்தது, எவ்விடத்தில் இடறியது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தைச் சிதைத்த உள்நாட்டுப் போரின்போது, தேவ ஆவி தம்முள் நேரே பேசுகின்றது என்று கூறிய குழுக்கள் பல எழுந்தன. அகத்தே எழும் உறுதி ஒன்றையே ஆதாரமாகக் கொண்டால் ஒவ்வொருவரும் ஒரு தீர்க்கதரிசியாகலாம் என்ற அச்சம் அடுத்த தலைமுறையினரைப் பற்றிக்கொண்டது. 1660இல் நிறுவப்பட்ட றோயல் சங்கம் நேர்மையான சாட்சியரின் கூற்றினை அறிவின் மூலமாக மதிக்கும் பழக்கத்தை வளர்த்தது. இச்சூழ்நிலையில், தேவ வெளிப்பாடு உண்மையானது என்பது சரியே. ஆனால் ஒரு கூற்று தேவ வெளிப்பாடுதானா என்பதைப் பகுத்தறிவே தீர்மானிக்க வேண்டும் என்று ஜோன் லொக் எழுதியதில் வியப்பில்லை. 1695இல் அவர் வெளியிட்ட ‘கிறிஸ்தவத்தின் நியாயத்தன்மை’ என்னும் பொருள்பட்ட நூல் விசுவாசத்தைக் காக்கவே எழுதப்பட்டது. மறு ஆண்டே ஜோன் டோலண்ட் என்பார், பகுத்தறிவே நீதிபதியாயின் கிறிஸ்தவத்தில் மறைபொருள் எதுவும் இருத்தலாகாது என்று முடிவுகட்டினார். 1697இல் அயர்லாந்துப் பாராளுமன்றம் அந்நூலை எரிக்க ஆணையிட்டது. அதே ஆண்டு தொடக்கத்தில் எடின்பரோவில் தோமஸ் எய்கன்ஹெட் என்ற இருபது வயது மாணவன் தேவதூஷணக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டான். சான்றுபற்றிய இவ்விவாதம் ஓய்வுநேரத் தருக்கமன்று என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

டெயிஸ்டுகள் எனப்பட்ட இயற்கைச் சமயவாதிகள் கடவுளை மறுத்தவரல்லர். படைப்பினின்று அறியப்படும் கடவுள் போதும், நூல்வழி வந்த வெளிப்பாடு வேண்டாம் என்றனர். சான்றுவாதிகள் அதுவரை இரு தூண்களை நம்பியிருந்தனர்: நிறைவேறிய தீர்க்கதரிசனங்கள், அற்புதங்கள். 1724இல் அந்தனி கொலின்ஸ் முதலாவது தூணை அசைத்தார். பழைய ஏற்பாட்டு வாக்கியங்கள் தத்தம் இடத்தில் வேறு பொருளுடையன. உருவகமாகக் கொண்டாலன்றி அவை கிறிஸ்துவைச் சுட்டா என்பது அவர் வாதம். 1727 முதல் 1729 வரை தோமஸ் வூல்ஸ்டன் தொடர்ச்சியாக வெளியிட்ட ஆறு பிரசுரங்கள் இரண்டாவது தூணைத் தாக்கின. அவரது நடை பரிகாசம் மிக்கது; ஓரளவு பண்பற்றது என்றும் கூறலாம். 1729இல் அவர் வழக்கிடப்பட்டு நூறு பவுண் தண்டமும் ஓராண்டுச் சிறையும் விதிக்கப்பெற்றார்.

அதே ஆண்டில் வெளிவந்த மறுப்பு நூல் ஒன்று நம் கவனத்திற்குரியது. தோமஸ் ஷேர்லொக் என்னும் பேராயர், உயிர்த்தெழுதலுக்குச் சாட்சி பகர்ந்த அப்போஸ்தலர்களையே பொய்ச்சான்று பகர்ந்த குற்றத்திற்காகக் கூண்டில் நிறுத்திக் கற்பனை விசாரணை ஒன்றினை அமைத்தார். இரு தரப்பு வழக்கறிஞரும் வாதாடுகின்றனர், நீதிபதி தொகுத்துரைக்கின்றார், ஜூரிமார் “குற்றவாளிகளல்லர்” என்று தீர்ப்பளிக்கின்றனர். நூல் பல பதிப்புகள் கண்டது. கற்பனை மன்றத்தில் அப்போஸ்தலர் விடுதலை பெற்ற ஆண்டிலேயே மெய்யான மன்றத்தில் வூல்ஸ்டன் தண்டிக்கப்பட்டார் என்பதை எண்ணும்போது, சான்றுவாதிகளின் வெற்றியை முழுமனதுடன் பாராட்ட இயலவில்லை. எதிர்வழக்காளியைச் சிறையிலிட்டு நடத்தும் விசாரணை எத்தகைய விசாரணை?

எனினும் ஷேர்லொக் எழுப்பிய வினா வலியது. இயற்கை ஒழுங்கிற்கு மாறானது என்பதற்காகவே ஒரு சாட்சியத்தைத் தள்ளலாமா? வெப்ப நாட்டில் வாழ்பவன் ஆறு உறைந்து கல்லாகும் என்பதை நம்பமாட்டான். அவன் நம்பாமையால் உறைபனி பொய்யாகிவிடாது. லொக் இதற்கு முன்னரே சீயம் தேசத்து அரசனின் கதையைக் கூறியிருந்தார். தன் நாட்டில் குளிர்காலத்து நீர் யானையையும் தாங்குமளவு இறுகும் என்று ஒல்லாந்தத் தூதன் சொன்னபோது, அதுவரை அவன் சொன்ன அனைத்தையும் நம்பிய அரசன், அப்போதுதான் அவனைப் பொய்யன் என்று தீர்மானித்தானாம். நுவரெலியாப் புல்வெளியில் அதிகாலையில் வெண்பூச்சாகப் படியும் பனியைத் தவிர வேறு உறைவினைக் காணாத நாமும் அவ்வரசனின் நிலையிலேயே உள்ளோம். நாம் நம்புவது நூல்களையும் பிறர் வாய்மொழியையும் கொண்டே.

1736இல் ஜோசப் பட்லர் வெளியிட்ட ‘சமய ஒப்புமை’ இவ்விவாதத்தின் ஆழமான நூல். அவர் ஷேர்லொக்கைப் போல் வெற்றி முழங்கவில்லை. மனித வாழ்வில் முழு நிச்சயம் கிடைப்பதில்லை. நிகழ்தகவையே வழிகாட்டியாகக் கொண்டு பயிரிடுகிறோம், கடலோடுகிறோம், மருந்துண்கிறோம். சமயத்தில் மட்டும் முழு நிச்சயத்தைக் கோருவது முறையன்று என்பது அவரது முதல் நிலை. வேதநூலில் நீங்கள் காணும் இடர்ப்பாடுகள் அனைத்தும் நீங்கள் கடவுளின் படைப்பு என ஒப்புக்கொள்ளும் இயற்கையிலும் உள்ளன என்பது இரண்டாம் நிலை. குற்றமற்றோர் துன்புறுகின்றனர், பெரும்பாலான விதைகள் முளையாது அழிகின்றன, இவற்றைப் பொறுத்துக்கொண்டு கடவுளை நம்பும் இயற்கைச் சமயவாதி, வேதநூலின் இடர்ப்பாடுகளை மட்டும் ஏன் பொறுக்கமாட்டான்? எதிராளிக்கு இது சரியான விடை. ஆனால் இக்கத்தி இருபுறமும் கூரியது. வேதநூலிலும் இயற்கையிலும் இடர் ஒன்றே எனின், இரண்டையுமே கைவிடலாமே என்று ஒருவன் கூறினால் பட்லரின் ஒப்புமை அவனைத் தடுக்காது.

அவ்வாறு கூறத்தக்க ஒருவர் அப்போது பிரான்சில் இருந்தார். டேவிட் ஹியூம் தமது முதல் நூலை டெக்கார்ட் பயின்ற லா ஃபிளெஷ் நகரில் தங்கி எழுதினார். அங்குள்ள இயேசு சபைக் கல்லூரியில் உலாவியபோது, துறவி ஒருவர் தமது மடத்தில் நிகழ்ந்ததாக ஓர் அற்புதத்தை விவரித்தார் என்றும், அதனை மறுக்கையிலேயே தமது வாதம் உதித்தது என்றும், அவ்வாதம் சுவிசேஷங்களையும் தாக்குமாதலால் செல்லாது என அத்துறவி விடையிறுத்தார் என்றும் பல்லாண்டு கழித்து ஹியூம் ஒரு கடிதத்தில் நினைவுகூர்ந்தார். அத்துறவி வாதத்தின் திசையை உடனே கண்டுகொண்டார் என்பது சுவையானது. பட்லரின் மதிப்பைப் பெற விரும்பிய ஹியூம், தம் முதல் நூலினின்று அற்புதங்கள் பற்றிய பகுதியை நீக்கிவிட்டார். 1748இலேயே அது வெளிவந்தது.

ஹியூமின் வாதம் அற்புதம் நிகழவே முடியாது என்பதன்று. சாட்சியத்தை நாம் நம்புவதே அனுபவத்தால். இயற்கை விதியை நம்புவதும் அனுபவத்தால். ஒரு சாட்சியம் இயற்கை விதிக்கு மாறான ஒன்றைக் கூறும்போது இரு அனுபவங்களும் தராசில் ஏறுகின்றன. சாட்சி ஏமாந்திருத்தல் அல்லது ஏமாற்றுதல், கூறப்படும் அற்புதத்தினும் பெரிய அற்புதமாயிருந்தாலன்றி நாம் அதனை ஏற்கக்கூடாது. மனிதர் வியப்பை விரும்புவர், சமய ஆர்வம் கண்ணை மறைக்கும், ஒவ்வொரு சமயமும் தன் அற்புதங்களைக் காட்டும் என்பன அவர் சேர்த்துக்கொண்ட பக்கபலங்கள்.

மறுப்புகளுள் இரண்டு தரமானவை. 1762இல் அபடீன் நகர ஜோர்ஜ் கம்பெல், சாட்சியத்தை நம்புவது அனுபவத்தால் வருவதன்று, குழந்தைக்கும் இயல்பாக உள்ளது. அனுபவம் அந்நம்பிக்கையைத் திருத்த மட்டுமே செய்கின்றது என்றார். 1767இல் றிச்சட் பிறைஸ் கணிதவழி வந்தார். மறைந்த நண்பர் தோமஸ் பேயிஸின் நிகழ்தகவுக் கட்டுரையை 1763இல் றோயல் சங்கத்தின் வாயிலாக உலகிற்களித்தவர் இவரே. அதிர்ஷ்டச்சீட்டில் குறித்த ஓர் இலக்கம் வெல்லும் நிகழ்தகவு பல்லாயிரத்தில் ஒன்று. ஆயினும் அவ்விலக்கம் வென்றதாகப் பத்திரிகை கூறினால், அப்பத்திரிகை எப்போதாவது தவறுவது தெரிந்தும் நாம் நம்புகிறோம். ஆகவே முன்கூட்டிய அரிதுநிலை ஒன்றினால் மட்டும் சாட்சியம் அழிந்துவிடாது. இது ஹியூமின் தராசு அத்துணை எளியதன்று என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றது. ஆனால் பிறைஸ் அடைய விரும்பிய இடத்தை இது அடையவில்லை என்பதே என் கருத்து. சீட்டிழுப்பில் ஏதோவோர் இலக்கம் வென்றே தீரவேண்டும். மரித்தவன் எழுதல் அவ்வாறு நிகழ்ந்தே தீரவேண்டிய பலவற்றுள் ஒன்றன்று. பிறைஸின் மரியாதைமிக்க நடைக்கு ஹியூம் நன்றி கூறிக் கடிதம் எழுதினார். வூல்ஸ்டன் காலத்திலிருந்து நாற்பதாண்டுகளில் ஏற்பட்ட இம்மாற்றமும் ஒரு வரலாற்றுச் செய்திதான்.

1837இல் சாள்ஸ் பபேஜ், ஒருவரையொருவர் சாராத சாட்சிகள் போதிய எண்ணிக்கையில் ஒத்துரைத்தால் எத்துணை அரிய நிகழ்ச்சியும் நம்பத்தக்கதாகும் என்று கணித்துக் காட்டினார். கணிதத்தில் பிழையில்லை. அதன் உயிர்நிலை ‘சாராத’ என்ற சொல்லில் உள்ளது. அந்நூற்றாண்டிலேயே ஜேர்மானிய ஆய்வாளர், முதல் மூன்று சுவிசேஷங்களும் ஒன்றையொன்று சார்ந்து எழுதப்பட்டவை என்பதை நிறுவிக்கொண்டிருந்தனர். மாற்குவை மத்தேயுவும் லூக்காவும் பயன்படுத்தினர் என்பது இன்று பெரும்பாலான அறிஞர்க்கு உடன்பாடு. ஆகச் சாட்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்தது தத்துவவாதியின் தராசன்று; நூல்களை வரிவரியாக ஒப்பிட்ட, அவர்களிற் பலர் தாமே குருமாராயிருந்த, அறிஞரின் உழைப்பே.

1794இல் வில்லியம் பேலி வெளியிட்ட ‘கிறிஸ்தவச் சான்றுகள்’ இம்மரபின் மிகப் பரவலான நூல். தாம் கண்டதாகக் கூறியதன் பொருட்டு முதற் சாட்சிகள் உழைப்பையும் ஆபத்தையும் துன்பத்தையும் விரும்பி ஏற்றனர் என்பது அதன் அச்சாணி. துன்பம் ஏற்றல் வாய்மையை நிறுவாது, நேர்மையையே நிறுவும் என்பர் மறுப்போர், அது சரி. ஆனால் நேர்மை நிறுவப்படுவதும் சிறிய காரியமன்று. சீடர் உடலைத் திருடிவிட்டுப் பொய் பரப்பினர் என்று றைமாறுஸ் எழுதி வைத்து, லெசிங் 1770களில் வெளியிட்ட கொள்கை இன்று ஆய்வாளரிடையே செல்வாக்கிழந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் எதையோ கண்டதாக உண்மையிலேயே நம்பினர் என்பதை நம்பாத அறிஞரிற் பலரும் ஒப்புவர். சான்று அவ்வளவு தூரம் கொண்டுவந்து விடுகின்றது. அதற்கப்பாலுள்ளதை லெசிங் 1777இல் தம்மால் தாண்டமுடியாத அகழி என வருந்தினார்: வரலாற்றில் நிகழ்ந்ததாக அறியும் ஒன்றிலிருந்து, வாழ்வு முழுவதையும் ஒப்படைக்கத்தக்க உண்மைக்கு எவ்வாறு பாய்வது? பேலியிடம் இதற்கு விடையில்லை. அவரது ‘சான்றுகள்’ 1822 முதல் 1920 வரை கேம்பிறிட்ஜில் பரீட்சைப் பாடமாயிருந்தது. அதனை முழுமையாகத் தம்மால் ஒப்புவித்திருக்க முடியும் என்று பெருமிதத்துடன் நினைவுகூர்ந்த மாணவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் சாள்ஸ் டார்வின்.

இச்சான்றுவாத மரபு மிஷனரிமார் வழியே யாழ்ப்பாணத்திற்கும் வந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபர் டானியேல் பூவர், 1829ஆம் ஆண்டு மார்ச் மாதச் சந்திரகிரகணத்தை வாய்ப்பாகக்கொண்டு அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பிலுள்ள வேறுபாடுகளைச் சுட்டினார். கணிப்புப் பிழையெனில் புராண அண்டக் கொள்கை பிழை, அக்கொள்கை பிழையெனில் சமயமும் பிழை என்பது அவர் எதிர்பார்த்த சங்கிலி. கேட்டோர் முதற் கண்ணியை ஏற்று, அடுத்ததில் நின்றுவிட்டனர். சந்திரனைக் கணிப்பதில் மேலைக் கணிதம் சிறந்தது என ஒப்புக்கொள்ளச் சைவத்தைத் துறக்க வேண்டிய தேவையில்லை என்று அவர்கள் கண்டனர்.

பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர் 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதியபோது கையாண்ட முறை இங்கு ஒப்புநோக்கற்பாலது. அவர் அற்புதங்களை மறுக்கவில்லை. ஹியூமின் பாதையில் செல்லவுமில்லை. நீங்கள் எங்கள் ஆலயத்தில் பழிக்கும் விளக்கும் தூபமும் நைவேத்தியமும் அபிஷேகமும் உங்கள் வேதநூலிலேயே விதிக்கப்பட்டுள்ளன என்று அதிகாரமும் வசனமும் காட்டி நிறுவினார். பட்லர் இயற்கைச் சமயவாதியை நோக்கிக் கூறியதன் வடிவமும் இதுவே: இடர்ப்பாடு உன்னிடமும் உண்டு. அவை கிறிஸ்துவில் நிறைவேறிய நிழல்கள் என்று மிஷனரிமார் கூறத்தக்க விடை, கிறிஸ்துவை முன்னரே ஏற்றவர்க்கன்றிப் பிறர்க்குச் சான்றாகாது. கால்நூற்றாண்டுக்கு முன் கேட்போரை நீதிபதிகளாக அமர்த்திய தரப்பினர் இப்போது அவர்கள் முன் வழக்காடிகளாயினர்.

செமினரி 1855இல் மூடப்பட்டது. கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, அங்கே கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவராகிச் ‘சைவ மகத்துவம்’ எழுதினார். அவரது பிற்கால உழைப்பின் பெரும்பகுதி வேறுவகைச் சாட்சிகளை விசாரிப்பதில் கழிந்தது: செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, பிரதியோடு பிரதியை ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை முதன்முறையாக அச்சேற்றினார்.