கலகத்தின் இலக்கு

புகைத்தலின் கேட்டை 1964-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவர் லூதர் டெர்ரியின் அறிக்கை ஐயத்துக்கிடமின்றி உரைத்தது. பெட்டிகளில் எச்சரிக்கை வந்தது. 1971-இல் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரங்கள் நின்றன. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, ஐம்பதில் வரக்கூடிய புற்றுநோய் ஒரு பொருட்டே அல்ல. வணிகர்கள் இதை நன்கறிவார்கள். 1988-இல் கேமல் சிகரெட்டின் அமெரிக்க விளம்பரங்களில் ஜோ என்னும் கேலிச்சித்திர ஒட்டகம் தோன்றியது. 1991-இல் வெளியான ஆய்வொன்றில், ஆறு வயதுக் குழந்தைகள் மிக்கி மவுஸுக்கு இணையாக அதை அடையாளம் கண்டார்கள். எதிர்ப்பு முற்றி, 1997-இல் ஒட்டகம் விடைபெற்றது.

அவ்வாண்டே புளோரிடா மாநிலம் சிகரெட் நிறுவனங்களோடு வழக்கில் சமரசம் கண்டது. அப்பணத்தில் 1998-இல் 'ட்ரூத்' (உண்மை) என்ற இயக்கம் பிறந்தது. பதின்வயதினரையே கூட்டி யோசனை கேட்டார்கள். 'புகைக்காதே' என்ற உபதேசத்துக்கு மாறாக, 'உங்களை ஏமாற்றுகிறார்கள்' என்றது இயக்கம். புகைப்பதே கலகமாகத் தோன்றும் வயதில், கலகத்தின் இலக்கு நிறுவனங்களின் பக்கம் திரும்பியது. இரண்டே ஆண்டுகளில் நடுநிலைப் பள்ளி மாணவரிடையே புகைப்போர் 18.5 விழுக்காட்டிலிருந்து 11.1 ஆகக் குறைந்தனர்.

ஆயினும் 2003-இல் சட்டமன்றம் நிதியை ஏறக்குறைய முழுதும் வெட்டியது. 2006-இல் வாக்காளர்கள் மாநில அரசியலமைப்பையே திருத்தி, சமரசப் பணத்தில் ஒரு பங்கை மீட்டார்கள். ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள் பதினைந்தை எட்டுகிறார்கள். ஒருமுறை சொல்லி ஓய்ந்துவிடக்கூடிய உண்மையல்ல இது.