ஊதிப் பார்த்து நோயறிதல்: மூச்சுக் கருவிகள் தேர்வெழுதிய வரலாறு



நோயாளியின் மூச்சை முகர்ந்து நோயைக் கணிப்பது மருத்துவத்தில் மிகப் பழைய வழக்கம். நீரிழிவு முற்றியவரின் மூச்சில் கனிந்த பழவாடை வீசும். சிறுநீரகம் செயலிழந்தவரின் மூச்சில் சிறுநீர் வாடை வீசும். மருத்துவரின் மூக்கே அந்நாளைய கருவி. அந்த மூக்கைச் சோதித்து யாரும் சான்றிதழ் வழங்கியதில்லை. அதன் இடத்தில் இயந்திரம் வந்தமர்ந்த பிறகுதான், 'இதை எந்த அளவுக்கு நம்பலாம்?' என்ற வினா அரசுகளின் முன் வந்து நின்றது.

முதலில் வென்ற மூச்சுக் கருவி நோயைத் தேடவில்லை, மதுவைத் தேடியது. அருந்திய மதுவில் சிறு பகுதி மூச்சின் வழியே வெளியேறுவதை 1874-இல் ஆங்கிலேய மருத்துவர் பிரான்சிஸ் ஆன்ஸ்டி எடுத்துரைத்தார். 1954-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் இராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 'பிரெத்தலைசர்' கருவியை உருவாக்கினார். தேடும் பொருள் ஒன்றே ஒன்று. அப்பொருள் யாதென்பதும் தெரியும். ஆகவே கருவியைச் சரிபார்ப்பது எளிதாயிற்று.

நோயின் கதை அப்படியன்று. 1971-இல் லைனஸ் பாலிங் மூச்சைக் குளிரூட்டிய குழாய்க்குள் செலுத்தி உறையச் செய்து, அதில் ஏறத்தாழ 250 சேர்மங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். நாம் விடும் ஒரு மூச்சில் இத்தனையா என்று வியப்பாக இருக்கிறது. ஆனால் சோதனையாளருக்கு அதுவே தலைவலி. இவற்றுள் எது நோயால் வந்தது? எது காலையில் உண்ட உணவால் வந்தது? எது அந்த அறையின் காற்றிலேயே இருந்தது?

இவ்வினாக்களைத் திறமையாகக் கடந்தது யூரியா மூச்சுச் சோதனை. இரைப்பைப் புண்ணுக்கு மன உளைச்சலே காரணம் என்று பலர் நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் இராபின் வாரனும் 'ஹெலிகோபேக்டர் பைலோரி' என்னும் நுண்ணுயிரைக் காரணமாகச் சுட்டினர். 1984-இல் மார்ஷல் அந்த நுண்ணுயிரைத் தாமே குடித்து நோயுற்றார். (மாணவர்களுக்கு இக்கதையைச் சொல்லும்போது, இதைப் பின்பற்ற வேண்டா என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்!) இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்நுண்ணுயிர் யூரியாவை உடைத்துக் கரியமிலவாயுவை வெளியிடும். எனவே, அடையாளமிட்ட கரிமம் கொண்ட யூரியாவை நோயாளிக்குக் கொடுத்துச் சற்று நேரம் கழித்து ஊதச் சொல்வார்கள். மூச்சில் அந்த அடையாளக் கரிமம் கூடியிருந்தால் நுண்ணுயிர் உள்ளது என்று பொருள். இரைப்பையிலிருந்து திசு எடுத்துப் பார்க்கும் முறை ஏற்கெனவே இருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருந்தது. 1996-இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஒப்புதல் தந்தது. இத்தனை தெளிவான சோதனையும் ஏமாறுவதுண்டு. நுண்ணுயிர்க்கொல்லியோ அமிலத்தைக் குறைக்கும் மருந்தோ உட்கொண்டவருக்கு, நோய் இருந்தும் இல்லையென்று காட்டிவிடலாம்.

ஆஸ்துமா நோயாளியின் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் கருவிக்கு 2003-இல் அனுமதி கிடைத்தது. அங்கும் தேடும் பொருள் ஒன்றுதான்.

அடுத்து வந்தது, என் பார்வையில் இவ்வரலாற்றின் மிக முக்கியமான நிகழ்வு. மாற்று இதயம் பொருத்தப்பட்டவரின் உடல் அவ்விதயத்தை ஏற்காமல் எதிர்க்கிறதா என்றறிய, கழுத்துச் சிரையின் வழியே குழாய் செலுத்தி இதயத் திசுவைக் கிள்ளி எடுப்பார்கள். அந்த வேதனையைக் குறைக்கும் நம்பிக்கையோடு 'ஹார்ட்ஸ்பிரெத்' என்னும் மூச்சுச் சோதனை வந்தது. 2004-இல் அமெரிக்க நிருவாகம் அதற்குத் தந்தது முழு ஒப்புதல் அன்று. ஆண்டுக்கு 4,000 பேருக்கும் குறைவானோரைப் பாதிக்கும் நிலைகளுக்கான தனிச் சலுகை. திசுச் சோதனைக்குத் துணையாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்பது விதி. 2008-இல், இச்சோதனையால் நோயாளிக்கு உண்மையில் நன்மை விளைகிறது என்பதற்குச் சான்று போதவில்லை என்று கூறி, முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு இதற்குப் பணம் தர மறுத்தது. கருவி ஒன்றை அளக்கிறது என்பது வேறு. அந்த அளவு நோயாளியைக் காக்கிறது என்பது வேறு. அவ்விரு அமைப்புகளும் தனித்தனியே கேட்டவை இவ்விரு கேள்விகளே.

இதற்கிடையே 1982-இல் வார்விக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் ஆகியோர் மின்மூக்கின் முன்மாதிரியை வெளியிட்டிருந்தனர். மின்மூக்கு ஒரு பொருளைத் தேடுவதில்லை. பல உணரிகள் தரும் சைகைகளின் கோலத்தைக் கணினி கற்றுக்கொள்கிறது. ஆசிரியர்களாகிய நமக்கு இதிலுள்ள ஆபத்து உடனே புரியும். பயிற்சி நூலை மனப்பாடம் செய்த மாணவன் அதே வினாக்களுக்கு முழுமதிப்பெண் பெறுவான். புதுவினாவைக் கண்டால் திகைப்பான். நோயாளிகள் எல்லாரும் மருத்துவமனைக் கூடத்திலும் நலமானோர் எல்லாரும் வெளியிலும் ஊதினால், கணினி கற்றது நோயின் மணமா, மருத்துவமனையின் மணமா? ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் மதிப்பீட்டுப் பாடத்தில் நாம் படித்த நம்பகத்தன்மை, ஏற்புடைமை ஆகிய இரண்டையும் இங்கே நினைவுகூரலாம். காற்றின் ஈரப்பதம் மாறினாலும் உணரி பழையதானாலும் சைகைகளும் மாறும். ஆகவே, கணினி இதுவரை காணாத மனிதர்களை வைத்துச் சோதிப்பது இன்றியமையாதது.

கோவிட் காலத்தில் இவ்வரலாறு நம் ஜொகூரின் வாசலுக்கே வந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த பிரெத்தோனிக்ஸ் நிறுவனம், 180 பேரிடம் நடத்திய முன்னோட்டச் சோதனையில் 90 விழுக்காட்டுக்கு மேல் துல்லியம் கிடைத்ததாக 2020-இல் அறிவித்தது. 2021 மே மாதம் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் அதற்குத் தற்காலிக அனுமதி அளித்தது. மலேசியாவிலிருந்து துவாஸ் சோதனைச்சாவடி வழியே நுழைவோரிடம் அது முயன்று பார்க்கப்பட்டது.

சரக்குந்து ஓட்டும் ஒரு தந்தையார் அப்பொழுது என்னைக் கேட்டார்: "ஒரு நிமிடத்தில் ஊதிச் சொல்லிவிடலாம் என்கிறார்களே டீச்சர், அப்புறம் ஏன் மூக்கிலும் குச்சியை விடுகிறார்கள்?" நல்ல கேள்வி. புதிய கருவியின் விடையைப் பழகிய கருவியின் விடையோடு ஒப்பிடாமல் அதன் தரத்தை எப்படி அறிவது? அதனால்தான் விரைவுச் சோதனையும் உடன் நடந்தது. மூச்சில் தொற்று காட்டினால் பி.சி.ஆர். சோதனையால் உறுதி செய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், பத்து வினாடி மூச்சடக்க முடிந்தால் தொற்றில்லை என்ற செய்தி நம் பெற்றோர்களின் புலனக் குழுக்களில் வலம் வந்தது. அதை நம்பி மூச்சடக்கிப் பார்த்துவிட்டுப் பிள்ளையை முதியவர் அருகே அனுப்பியிருந்தால் என்னவாகும்?

2022 ஏப்ரல் 14 அன்று அமெரிக்க நிருவாகம் 'இன்ஸ்பெக்ட்ஐஆர்' என்னும் கோவிட் மூச்சுச் சோதனைக்கு அவசரகால அனுமதி வழங்கியது. கைப்பெட்டி அளவிலான கருவி. மூன்று நிமிடத்திற்குள் முடிவு. 2,409 பேரிடம் நடந்த ஆய்வில், தொற்றுள்ளோரில் 91.2 விழுக்காட்டினரையும் தொற்றில்லாதோரில் 99.3 விழுக்காட்டினரையும் சரியாக இனங்கண்டது. அப்படியிருந்தும், தொற்று என்று காட்டினால் மற்றொரு சோதனையால் உறுதி செய்ய வேண்டும் என்று நிருவாகம் கட்டளையிட்டது.

ஏன் என்பதை ஆறாம் ஆண்டு விழுக்காட்டுப் பாடத்திலேயே கணக்கிடலாம். 10,000 பேரில் 50 பேருக்குத் தொற்று என்று கொள்வோம். கருவி அவர்களுள் ஏறத்தாழ 46 பேரைப் பிடிக்கும். 4 பேர் தப்புவர். தொற்றில்லாத 9,950 பேரிலோ 0.7 விழுக்காடு, அதாவது சுமார் 70 பேர், தொற்றுள்ளவராகக் காட்டப்படுவர். ஆக, சிவப்பு விளக்கு எரியும் 116 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் நலமானவர்கள்! தொற்றுள்ளோர் 2,000 பேர் என்று மாற்றிக் கணக்கிடச் சொல்லுங்கள். இப்போது 1,880 பேருக்குச் சிவப்பு விளக்கு எரியும். அவர்களுள் 56 பேர் மட்டுமே நலமானவர்கள். கருவி அதேதான், வரிசையில் நிற்கும் கூட்டம்தான் வேறு.